டிரெய்லர்: இரண்டரை நிமிட வாக்குறுதி

சட்டை வாங்கினால் போட்டுப் பார்க்கலாம். தக்காளியை அமுக்கிப் பார்த்து வாங்கலாம். மாம்பழக்காரர் கூட ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பார். சினிமா டிக்கெட்டுக்கு மட்டும் அந்த வசதி கிடையாது. காசு முதலில், படம் பிறகு. பிடிக்கவில்லை என்று கவுண்டரில் போய் நின்றால் யாரும் காசைத் திருப்பித் தரப்போவதில்லை. பொருளாதாரத்தில் இந்த மாதிரி சரக்குக்கு 'அனுபவப் பண்டம்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அனுபவித்து முடித்த பிறகுதான் அதன் தரம் தெரியும். அப்படிப்பட்ட சரக்கை விற்க வேண்டுமென்றால் வெட்டிக் கொடுக்க ஒரு துண்டு வேண்டும். சினிமாவுக்கு அந்தத் துண்டுதான் டிரெய்லர்.

அந்தத் துண்டு நமக்கு எதைச் சொல்கிறது? கதையையா? முழுக் கதையையும் சொல்லிவிட்டால் யார் தியேட்டருக்கு வருவார்கள்? நடிகர் யார் என்பதையா? அது போஸ்டரிலேயே இருக்கிறது. டிரெய்லர் முக்கியமாகச் சொல்வது, இது என்ன மாதிரிப் படம் என்பதைத்தான். பயப்படத் தயாராக வர வேண்டுமா, சிரிக்க வர வேண்டுமா, கைக்குட்டையோடு வர வேண்டுமா? இதை வாயால் சொல்லாமல் வெட்டு, சத்தம், கேமரா என்ற மூன்றையும் வைத்துச் சொல்கிறது.

இந்த மொழி ஒரே நாளில் வந்துவிடவில்லை. நூறு வருடத்துக்கு மேலாக அமெரிக்காவில், குறிப்பாக ஹாலிவுட்டில், கொஞ்சம் கொஞ்சமாக உருவானது. அது எப்படி உருவானது, அதை நம்பிக் காசு கொடுக்கலாமா என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் ஒரு சோதனை

வரலாற்றுக்குப் போவதற்கு முன் 2005-ல் நடந்த ஒரு விஷயம். அமெரிக்காவில் எடிட்டர்களின் சங்கம் ஒன்று ஒரு போட்டி வைத்தது. ஏற்கெனவே வந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் காட்சிகளை வெட்டி ஒட்டி, முற்றிலும் வேறு வகைப் படம் போலத் தோன்றும் டிரெய்லர் ஒன்றைச் செய்ய வேண்டும். நியூயார்க்கில் உதவி எடிட்டராக இருந்த ராபர்ட் ரியாங் எடுத்துக்கொண்டது ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980).

படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எப்பேர்ப்பட்ட திகில் படம் என்று. பனிக்காலத்தில் மூடிக் கிடக்கும் மலை ஹோட்டலுக்குக் காவலுக்குப் போகும் எழுத்தாளர் புத்தி பேதலித்து, மனைவியையும் மகனையும் கோடரியோடு துரத்துவார். ரியாங் செய்த டிரெய்லரில் அதெல்லாம் மாயம். எழுத்து வராமல் தவிக்கும் ஒரு எழுத்தாளர், அப்பாவின் அன்புக்கு ஏங்கும் ஒரு சிறுவன், இருவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் இனிமையான குடும்பப் படம்! பின்னால் ஒரு குஷியான அறிவிப்பாளர் குரல். கடைசியில் பீட்டர் கேப்ரியலின் 'சால்ஸ்பரி ஹில்' என்ற உற்சாகமான பாட்டு. போட்டியில் அதுதான் ஜெயித்தது. இணையத்திலும் காட்டுத்தீ போலப் பரவியது.

அடுத்த வருடமே இதற்கு நேர் எதிராக ஒன்று வந்தது. குழந்தைகளுக்குப் பிடித்த 'மேரி பாபின்ஸ்' (1964) படத்தை வெட்டி, அந்த அன்பான ஆயாவைப் பேயாக்கிவிட்டார்கள். பெயர் 'ஸ்கேரி மேரி'.

இரண்டிலும் புதிதாக ஒரு காட்சி கூடப் படம்பிடிக்கவில்லை. அதே ஜாக் நிக்கல்சன், அதே சிரிப்பு. முன்னால் இருட்டான தாழ்வாரம் வந்தால் அந்தச் சிரிப்பு கொலைகாரனுடையது. முன்னால் சிறுவனின் முகம் வந்து பின்னால் கிடார் ஒலித்தால் அதே சிரிப்பு பாசக்கார அப்பாவுடையது.

ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் இதை ஊமைப்படக் காலத்திலேயே செய்து காட்டியிருக்கிறார். உணர்ச்சி இல்லாத ஒரு நடிகரின் முகம். அதற்குப் பக்கத்தில் ஒரு முறை சூப் கிண்ணம், ஒரு முறை சவப்பெட்டி, ஒரு முறை ஒரு பெண். முகம் ஒன்றுதான், ஆனால் பார்ப்பவர்களுக்குப் பசி, துக்கம், ஆசை என்று மூன்றாகத் தெரிந்தது. ஆக, படத்தின் வகை என்பது ஷாட்டுக்குள் இருப்பதை விட, இரண்டு ஷாட்டுகள் ஒட்டும் இடத்திலும் அதன் மேல் ஓடும் சத்தத்திலும்தான் அதிகம் இருக்கிறது. டிரெய்லர் வரலாறே இதைக் கண்டுபிடித்த வரலாறுதான்.

பின்னால் வந்ததால் டிரெய்லர்

'டிரெய்லர்' என்றால் பின்னால் தொடர்ந்து வருவது. லாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறார்களே, அதே டிரெய்லர்தான். படத்துக்கு முன்னால் போடுவதற்கு ஏன் இந்தப் பெயர்? ஏனென்றால் ஆரம்பத்தில் படம் முடிந்த பிறகுதான் போட்டார்கள்.

1913-ல் நியூயார்க்கில் மார்க்கஸ் லோவின் தியேட்டர்களுக்கு விளம்பர வேலை பார்த்தவர் நில்ஸ் கிரான்லண்ட். பிராட்வேயில் வரவிருந்த 'தி பிளஷர் சீக்கர்ஸ்' என்ற இசை நாடகத்தின் ஒத்திகைக் காட்சிகளை வைத்து ஒரு சின்ன விளம்பரச் சுருள் செய்து தியேட்டர்களில் ஓட்டினார். இதைத்தான் முதல் டிரெய்லர் என்று பலரும் சொல்கிறார்கள். கவனியுங்கள், முதல் டிரெய்லரே சினிமாவுக்கு இல்லை, நாடகத்துக்கு! அதே காலத்தில் வாராவாரம் வந்த தொடர் படங்களின் முடிவில், கதாநாயகி தப்பிப்பாளா, அடுத்த வாரம் பாருங்கள் என்கிற மாதிரி ஒரு துணுக்கு ஒட்டினார்கள். நம்ம டிவி சீரியலின் 'தொடரும்' மாதிரிதான்.

படம் முடிந்ததும் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்ற பிரச்சினை புரிந்ததும் விளம்பரத்தை முன்னால் கொண்டு வந்தார்கள். பெயர் மட்டும் பின்னாலேயே தங்கிவிட்டது.

எழுத்தும் ஆர்ப்பாட்டமும்

1919-ல் நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. பெரிய ஸ்டுடியோக்கள் பலவும் தங்கள் டிரெய்லர் வேலையை இந்தக் கம்பெனியிடமே கொடுத்ததால் பல பத்தாண்டுகளுக்குக் கிட்டத்தட்ட ஒரு ஏகபோகம். ஒரே கடையில் எல்லா மிட்டாயும் செய்தால் எல்லாம் ஒரே ருசியாகத்தானே இருக்கும்? அந்தக் கால டிரெய்லர்கள் அப்படித்தான் இருந்தன. பெரிய பெரிய எழுத்துகள் திரையை மூடிக்கொண்டு வரும். ஒரு காட்சியைத் துடைத்துவிட்டு அடுத்த காட்சி வரும். அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் "மாபெரும், மகத்தான, இதுவரை கண்டிராத" என்று அடுக்குவார். காதல் படமோ, கௌபாய் படமோ, பேய்ப் படமோ, எல்லாமே 'மாபெரும்'தான். வகையைச் சொன்னது எழுத்தும் பேச்சும். காட்சிகள் சும்மா சாட்சிக்கு வந்தன.

இதை உடைத்தவர்கள் சில இயக்குநர்கள். 'சிட்டிசன் கேன்' (1941) படத்துக்கு ஆர்சன் வெல்ஸ் செய்த டிரெய்லரில் அவர் முகமே வராது. குரல் மட்டும் வரும். படத்தில் இல்லாத காட்சிகளைத் தனியாக எடுத்து, தன் நடிகர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்வார். டிரெய்லரை ஒரு தனிக் குறும்படமாகப் பார்த்த ஆரம்ப முயற்சிகளில் இது முக்கியமானது.

அடுத்தது ஹிட்ச்காக். 'சைக்கோ' (1960) டிரெய்லர் ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும். ஹிட்ச்காக்கே வழிகாட்டி போல வந்து, படத்தில் வரும் மோட்டலையும் வீட்டையும் சுற்றிக் காட்டுவார். துள்ளலான இசை. கேமரா நிதானமாக அவர் பின்னாலேயே போகும். இங்கேதான் அது நடந்தது என்று ஆரம்பித்து, சொல்லக் கூசுவது போலப் பாதியில் நிறுத்திவிடுவார். 1955 முதல் டிவியில் அவரைப் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு இது அவருடைய வழக்கமான குறும்பு. சிரித்துக்கொண்டே பார்த்திருப்பார்கள். கடைசியில் குளியலறை. திரைச்சீலையை விலக்குகிறார். ஒரே வெட்டு! அலறும் பெண்ணின் முகம் க்ளோசப்பில், கூடவே வயலின்களின் கிறீச்சிடல். (அங்கே அலறுவது படத்தின் நாயகி ஜேனட் லீ இல்லை. விக் வைத்த வேரா மைல்ஸ்.)

ஆறு நிமிடம் நகைச்சுவை, சில நொடி திகில். ஆனால் வெளியே வரும்போது மனதில் நிற்பது அந்தச் சில நொடிதான். எந்த இடத்தில் இசை மாறுகிறது, எந்த இடத்தில் கேமரா திடீரென்று முகத்துக்குப் பக்கத்தில் போகிறது என்பதுதான் வகையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

வேகம் பேச ஆரம்பித்தது

1964-ல் அதே குப்ரிக் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' எடுத்தார். அணுகுண்டுப் போரைப் பற்றிய கேலிப்படம். கியூபா ஏவுகணை நெருக்கடி நடந்து (1962) இரண்டு வருடம்கூட ஆகவில்லை. விஷயத்தைக் கேட்டாலே ஜனங்களுக்கு வயிற்றைக் கலக்கும். இது சிரிக்க வேண்டிய படம் என்று எப்படிச் சொல்வது?

குப்ரிக் இந்த வேலையை பாப்லோ ஃபெரோவிடம் கொடுத்தார். கியூபாவில் பிறந்து அமெரிக்கா வந்தவர், டிவி விளம்பரங்களில் மின்னல் வேக எடிட்டிங்குக்குப் பேர் போனவர். அவர் செய்த டிரெய்லரில் ஒரு வாக்கியம் முழுதாக வராது. ஒரு சொல், ஒரு ஷாட், அடுத்த சொல், அடுத்த ஷாட் என்று பளிச் பளிச்சென்று மாறும். பல ஷாட்டுகள் ஒரு நொடிகூட நிற்காது. தளபதிகள், விமானம், குண்டு எல்லாம் பயமுறுத்தும் சங்கதிகள்தான். ஆனால் வெட்டின் தாளம் கேலியாக இருக்கிறது. விஷயம் ஒன்று சொல்ல, வேகம் வேறொன்று சொல்ல, நாம் நம்புவது வேகத்தைத்தான்.

இந்த வேகம் பிறகு எல்லோருக்கும் பரவியது. 1981-ல் எம்டிவி வந்து ஒரு தலைமுறையையே வேகமான வெட்டுக்குப் பழக்கியது. 1989-ல் அவிட் நிறுவனத்தின் கணினி எடிட்டிங் இயந்திரம் வந்தது. ஃபிலிமைக் கத்தரித்து ஒட்டும் வேலை போய், ஒரே டிரெய்லரைப் பத்து விதமாக வெட்டிப் பார்க்கும் வசதி வந்தது.

சுறா கற்றுக்கொடுத்த வியாபாரம்

பி.காம் படிப்பவனுக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த வருடம் 1975. காரணம் 'ஜாஸ்'.

அதற்கு முன் பெரிய படங்களைப் பொதுவாகச் சில நகரங்களில் மட்டும் வெளியிட்டு, ஜனங்கள் பேசப் பேச மெதுவாக மற்ற ஊர்களுக்குக் கொண்டு போவார்கள். படம் நன்றாக இருந்தால் வாய்வழிச் செய்தி விற்றுக் கொடுக்கும். 'ஜாஸ்' 1975 ஜூன் 20 அன்று அமெரிக்காவில் 400-க்கும் மேற்பட்ட தியேட்டர்களில் ஒரே நாளில் வந்தது. அதற்கு முந்தைய சில நாட்களில் டிவி விளம்பரத்துக்கு மட்டும் யுனிவர்சல் சுமார் 7 லட்சம் டாலர் செலவு செய்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை.

இதன் விளைவைப் பாருங்கள். எல்லா ஊரிலும் ஒரே நாளில் படம் வந்தால், முதல் மூன்று நாள் வசூல் முழுவதும் படத்தை யாரும் பார்க்காத நிலையில் வருகிற காசு. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வருகிற கூட்டம் அல்ல, விளம்பரம் சொல்லி வருகிற கூட்டம். வாய்வழிச் செய்தி செய்த வேலையை டிரெய்லரும் டிவி விளம்பரமும் தலையில் சுமக்க வேண்டியதாயிற்று. அதுவும் 30 நொடியில்! இனி வகையைச் சுற்றி வளைத்துச் சொல்ல நேரமில்லை.

'ஜாஸ்' அதைச் செய்தது இப்படித்தான். கேமரா தண்ணீருக்கு அடியில் நகர்கிறது. நாம் பார்ப்பது சுறாவை இல்லை, சுறா பார்ப்பதை. மேலே நீந்துபவர்களின் கால்கள். ஜான் வில்லியம்ஸின் இசையில் இரண்டே இரண்டு சுரங்கள், மெதுவாக ஆரம்பித்து வேகமாகின்றன. கேமரா யாருடைய கண் என்பது தெரிந்ததும் வகையும் தெரிந்துவிடுகிறது.

நான்கு வருடம் கழித்து 'ஏலியன்' (1979). இதற்கு வேறு சிக்கல். 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' வந்த பிறகு விண்வெளிப் படம் என்றாலே ஜாலியான சாகசம் என்று ஜனங்கள் நினைத்தார்கள். 'ஏலியன்' பேய் வீட்டுக் கதை, வீட்டுக்குப் பதில் விண்கலம். இதைப் புரியவைக்க அந்த டிரெய்லர் அறிவிப்பாளரையே தூக்கிவிட்டது. வசனமும் கிடையாது. இருட்டில் மெதுவாக நகரும் கேமரா, ஒரு முட்டை, அது விரிசல் விட்டு உள்ளேயிருந்து வெளிச்சம். அதன் பிறகு அபாயச் சங்கு போல ஒரு ஊளை. அந்த ஊளையின் மேல் ஓடும் மனிதர்கள், மூச்சு வாங்கும் முகங்கள் என்று வெட்டுகள் குவிகின்றன. அந்த ஜந்து மட்டும் சரியாகக் கண்ணில் படாது. கடைசியில் விண்வெளியில் அலறினால் யாருக்கும் கேட்காது என்ற பொருளில் ஒரே ஒரு வரி, எழுத்தில். அந்த ஊளை எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்றால், 2012-ல் 'பிரொமீதியஸ்' வந்தபோது அதன் டிரெய்லரில் அதே ஊளையைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். ஒரு சத்தமே முத்திரை ஆகிவிட்டது.

'தி ஷைனிங்' படத்தின் அசல் முன்னோட்டம் இதற்கும் ஒரு படி மேல். ஒரே ஷாட்தான். கேமரா அசையாது. லிஃப்ட் கதவுகள், மேலே நகரும் பெயர்கள், மனதைப் பிசையும் இசை. பிறகு கதவு இடுக்கிலிருந்து ரத்தம் வெள்ளமாகக் கொட்டி கேமராவையே மூடுகிறது. வேகம் மட்டும்தான் பயமுறுத்தும் என்றில்லை. வெட்டவே வெட்டாமல் நம்மைக் காக்க வைப்பதும் பயமுறுத்தும்.

இடி முழக்கக் குரல்

இதே காலத்தில் ஒரு குரலும் ஆட்சி செய்தது. டான் லாஃபோன்டைன் (1940–2008). 5,000-க்கும் மேற்பட்ட டிரெய்லர்களுக்குக் குரல் கொடுத்தவர். "இன் எ வேர்ல்ட்..." என்று அவர் ஆரம்பித்தால் போதும், அடுத்த சொல் வருவதற்குள் பிரமாண்டப் படம் என்று தெரிந்துவிடும். 'இப்படியொரு உலகத்தில்' என்று ஆரம்பிப்பதால் இரண்டு நொடியில் பார்வையாளரை எந்த உலகத்துக்கும் கொண்டு போய்விடலாம் என்பதுதான் அதன் ரகசியம். ஆனால் எதையும் அளவுக்கு மீறி விற்றால் அது கேலிப் பொருளாகும். 2002-ல் 'கமீடியன்' என்ற ஆவணப்படத்தின் டிரெய்லரில், இன்னொரு பிரபலக் குரலான ஹால் டக்ளஸ் மைக் முன் உட்கார்ந்து இந்த மாதிரி வசனங்களாக எடுத்துவிட, நிறுத்து நிறுத்து என்று அவரை ஓரங்கட்டுவார்கள். அதன் பிறகு அறிவிப்பாளர் குரல் மெல்ல மெல்லக் குறைந்து, படத்தின் வசனங்களே கதை சொல்ல ஆரம்பித்தன.

இதற்குள் ஒவ்வொரு வகைக்கும் ஒரு சூத்திரம் தயாராகிவிட்டது. நீங்களே கவனித்திருப்பீர்கள்.

நகைச்சுவைப் படம் என்றால் நல்ல வெளிச்சம், முகபாவம் தெரியும்படி நிலையான மிட் ஷாட். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், 'கிறீச்' என்று இசைத்தட்டு கீறும் சத்தத்தோடு நின்றுபோகும், அந்த அமைதியில் ஜோக் விழும். திகில் படம் என்றால் அதே அமைதி வேறு வேலை செய்யும். மெதுவாகக் கதவை நெருங்கும் கேமரா, மூச்சுச் சத்தம் மட்டும், பிறகு 'டமார்'. ஆக்‌ஷன் படம் என்றால் ஒவ்வொரு வெட்டும் டிரம் அடியில் விழும், கேமரா கீழேயிருந்து நாயகனைப் பார்க்கும். காதல் படம் என்றால் இருவரும் ஒரே ஃபிரேமில், மாலை வெயில், வெட்டுகள் ஒன்றில் ஒன்று கரையும். அமைதி என்ற ஒரே பொருளை நகைச்சுவையும் திகிலும் பங்கு போட்டுக்கொள்கின்றன பாருங்கள்! 'ஷைனிங்' விளையாட்டு சாத்தியமானதே இதனால்தான்.

கேமராவும் புதிதாக ஒன்று கற்றுக்கொண்டது. 1999-ல் 'பிளேர் விட்ச் பிராஜெக்ட்' வந்தபோது ஆடும் கைக்கேமரா, பாதி முகம், இருட்டு என்று அதன் டிரெய்லர் 'மோசமாக' எடுக்கப்பட்டதே அதன் பலம். யாரோ நிஜமாக எடுத்தது என்ற எண்ணம் வந்தது. 2009-ல் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' டிரெய்லர் கேமராவை அப்படியே திருப்பி தியேட்டருக்குள் வைத்தது. இருட்டில் பார்க்கும் கேமராவில், சீட்டில் துள்ளிக் குதிக்கும் ரசிகர்கள்! படத்தைவிட, படம் தரப்போகும் அனுபவத்தையே காட்டி விற்றார்கள். அனுபவப் பண்டத்துக்கு இதைவிட நேரடியான விளம்பரம் ஏது?

கடன் வாங்கிய இசை

டிரெய்லரில் கேட்கும் இசை பெரும்பாலும் அந்தப் படத்தின் இசையே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. காரணம் எளிது. டிரெய்லர் செய்யும் நேரத்தில் படத்துக்கு இசையமைத்து முடித்திருக்க மாட்டார்கள். அதனால் கடன். 'ஏலியன்ஸ்' (1986) படத்துக்கு ஜேம்ஸ் ஹார்னர் போட்ட ஒரு பரபரப்பான இசைத்துண்டு பிறகு எத்தனையோ ஆக்‌ஷன் படங்களின் டிரெய்லர்களில் ஓடியது. 'ரெக்வியம் ஃபார் எ டிரீம்' (2000) போதைக்கு அடிமையானவர்களைப் பற்றிய சின்ன பட்ஜெட் படம். கிளின்ட் மான்செல் அதற்குப் போட்ட இசையைப் பெரிய ஆர்கெஸ்ட்ராவும் கோரஸும் வைத்து ஊதிப் பெருக்கி, 2002-ல் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி டூ டவர்ஸ்' டிரெய்லரில் பயன்படுத்தினார்கள். சோகம் அப்படியே போர் முழக்கமாகிவிட்டது.

2010 இரண்டு பழக்கங்களைக் கொடுத்தது. ஒன்று, 'இன்செப்ஷன்' டிரெய்லர்களில் வந்த 'ப்ராஆஆம்' என்ற காதைப் பிளக்கும் ஊதல். அதன் பிறகு உலகம் அழியும் படம் எதுவும் அந்த ஊதல் இல்லாமல் வர முடியாது என்ற நிலை. இன்னொன்று 'தி சோஷியல் நெட்வொர்க்'. பெல்ஜியத்துப் பெண்கள் கோரஸ் ஒன்று ரேடியோஹெட்டின் 'க்ரீப்' பாட்டை மெதுவாகப் பாட, ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் கதை காவியத் துயரமாகத் தெரிந்தது. பிரபலமான பாட்டை மெதுவாக்கிச் சோகமாக்கும் பழக்கம் அங்கிருந்து எல்லா டிரெய்லருக்கும் தொற்றிக்கொண்டது.

அப்படியானால் இது வாக்குறுதியா?

வகையை வெட்டும் சத்தமும் உருவாக்குகின்றன. முதல் வார வசூல் டிரெய்லரை நம்பி இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால், படம் ஒரு வகை, டிரெய்லர் வேறு வகை என்று விற்கும் ஆசை வருவது இயல்பு. அப்படி விற்றால் ஏமாந்தவர் எங்கே போவது?

2011-ல் 'டிரைவ்' வந்தது. நிதானமான, மௌனம் நிறைந்த படம். கார் துரத்தல்களை எதிர்பார்த்துப் போன அமெரிக்கப் பார்வையாளர் ஒருவர், டிரெய்லர் தன்னை ஏமாற்றிவிட்டது என்று மிச்சிகனில் வழக்குப் போட்டார். வழக்கு நிற்கவில்லை.

'யெஸ்டர்டே' (2019) டிரெய்லரில் நடிகை அனா டி அர்மாஸ் வருவார், படத்தில் வரமாட்டார். அவரைப் பார்ப்பதற்காகவே காசு கொடுத்ததாக இருவர் வழக்குப் போட்டார்கள். டிரெய்லர் ஒரு கலைப்படைப்பு என்று யுனிவர்சல் வாதிட்டது. 2022 டிசம்பரில் கலிஃபோர்னியா ஃபெடரல் நீதிபதி ஒருவர், டிரெய்லர் வணிக விளம்பரம்தான், பொய் விளம்பரச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்றார். ஆனால் ஒரு நடிகரோ காட்சியோ படத்தில் இருக்கிறதா இல்லையா என்பதோடு இந்தத் தீர்ப்பு நிற்கிறது என்று எல்லையும் போட்டுவிட்டார். 2023-ல் அந்த வழக்கும் தள்ளுபடி ஆனது.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. ஷாருக்கானின் 'ஃபேன்' (2016) படத்தின் விளம்பரங்களில் வந்த பாட்டு படத்தில் இல்லை. ஒரு பார்வையாளர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மாநில ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் வழக்குச் செலவும் கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையமும் அதை ஏற்றது. தயாரிப்பாளரான யஷ் ராஜ் ஃபிலிம்ஸ் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரல் 22 அன்று வந்த தீர்ப்பு, டிரெய்லர் என்பது சட்டப்படி முனைவும் அல்ல, வாக்குறுதியும் அல்ல என்றது. டிரெய்லர் ஜனங்களை டிக்கெட் வாங்கத் தூண்டுகிறது. டிக்கெட் வாங்குவது தனியான பரிவர்த்தனை. ஆகவே டிரெய்லரில் வந்தது படத்தில் வரவில்லை என்பதால் சேவைக் குறைபாடு ஆகாது, இழப்பீடும் கிடையாது.

வணிகச் சட்டம் படித்தவர்களுக்கு கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் வழக்கு (1893) நினைவுக்கு வரும். எங்கள் மருந்தைப் பயன்படுத்தியும் காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருகிறோம், அதற்காக வங்கியில் 1,000 பவுண்டு போட்டிருக்கிறோம் என்று விளம்பரம் செய்த கம்பெனி, காய்ச்சல் வந்த பெண்மணிக்கு அந்த 100 பவுண்டைக் கொடுத்தாக வேண்டும் என்று தீர்ப்பானது. விளம்பரம் சில சமயம் வாக்குறுதி ஆகும். ஆனால் அதற்குத் தெளிவான சொல் வேண்டும், தெளிவான தொகை வேண்டும்.

டிரெய்லரின் சாமர்த்தியமே அங்கேதான். அது தெளிவான சொல் எதையும் சொல்வதில்லை. 'இது நகைச்சுவைப் படம்' என்று எந்த டிரெய்லரும் எழுதிக் கொடுப்பதில்லை. கிறீச்சென்று பாட்டு நின்றது, ஒரு முகம் விழித்தது, நாம் சிரித்தோம். இதை எந்தக் கோர்ட்டில் சாட்சியாக நிறுத்துவது? 1930-களின் அறிவிப்பாளர் வார்த்தையால் சத்தியம் செய்தார். இன்றைய எடிட்டர் வெட்டால் சத்தியம் செய்கிறார். முன்னதையாவது பிடித்து 'நீ சொன்னாயே' என்று கேட்கலாம்.

எனக்கு அந்தத் தீர்ப்பு சரி என்றே படுகிறது. ஒவ்வொரு டிரெய்லரையும் ஒப்பந்தமாக்கினால் 'சைக்கோ' போன்ற ஒன்றை யாரும் செய்யத் துணிய மாட்டார்கள். ஆறு நிமிடம் ஜோக் காட்டிவிட்டுக் கொலையைக் காட்டினார் என்று ஹிட்ச்காக் மீதே வழக்குப் போட்டிருப்பார்கள் :-) ஆனால் சட்டம் நம்மைக் காக்காத இடத்தில் நாம்தான் விவரமாக இருக்க வேண்டும்.

அதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. அடுத்த முறை ஒரு டிரெய்லர் பிடித்துப்போனால், டிக்கெட் போடுவதற்கு முன் சத்தத்தை முழுவதும் அணைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். இசையும் ஊதலும் போன பிறகு திரையில் என்ன மிச்சம் இருக்கிறதோ, படத்தில் நமக்குக் கிடைக்கப்போவது கிட்டத்தட்ட அதுதான். அப்போதும் பார்க்கத் தோன்றினால் தைரியமாகப் போகலாம்.

உங்களை நன்றாக ஏமாற்றிய டிரெய்லர் எது? சொல்லுங்கள், சேர்ந்து சத்தத்தை அணைத்துப் பார்ப்போம்.